பக்கத்து வீட்டம்மா

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் போன் லிஃப்டுக் குழிக்குள் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. அண்ணன் போனுக்கு அழைத்தால் "ம்", "ம்ம்" என்று இரண்டே பதில்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

சர்வதேசச் சட்டத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். வெளிநாட்டில், ஒரு வருடம். அவர்கள் கேட்பதில் பாதி என்னிடம் இருக்கிறது. அறுபது சதவீதத்துக்குக் குறையாத சட்டப் பட்டம், இரண்டு வருட வேலை அனுபவம், மொழித் தேர்வு மதிப்பெண், ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஆயிரம் சொல்லில் ஒரு கட்டுரை. நான் ஜூனியராக இருக்கும் வக்கீல் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டார். கல்லூரியிலிருந்து வர வேண்டியது இரண்டு: மொத்த மதிப்பெண் பட்டியலும், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும்.

இந்த இரண்டையும் நிரந்தர விலாசத்துக்கு மட்டும்தான் அனுப்புவார்களாம். அதனால் நம் வீட்டுக்கு வரும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்திருப்பார்கள். பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நான்கூடப் பார்க்கக் கூடாது. உறை பிரிந்திருந்தால் செல்லாது. வந்தவுடன் அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள். எல்லாம் இங்கேயுள்ள அவர்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் மார்ச் 28.

வழக்கு தொடர்ந்து நடப்பதால் இந்த மாதமும் வர முடியாது.

நாத்தனார்


மார்ச் 9

வக்கீல் நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நான் நலம். உன் அண்ணனிடம் "தங்கச்சிக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "ம்" என்றார். அதையும் எழுதிவிட்டேன், சேர்த்துக்கொள்.

இந்த மாதமும் வர மாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். போன மாதமும் இதையேதான் எழுதினாய். இரண்டு வருடமாக ஒரே வழக்கா? அந்தக் கட்சிக்காரர்கள் இதற்குள் சம்பந்தம் பேசி முடித்திருப்பார்களே!

சர்வதேசச் சட்டம் என்றால் என்ன என்று நான் ஓட்டுகிற லிஃப்டில் வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். நாட்டுக்கும் நாட்டுக்கும் சண்டை வந்தால் தீர்த்துவைக்கிற சட்டம் என்றார். "நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்ட வந்தா?" என்றேன். "அதுக்கு எந்த உலகத்துலயும் கோர்ட் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நான்காம் மாடியில் இறங்கிப் போனார். அனுபவசாலி.

நீ சொன்ன கவர் இன்னும் வரவில்லை.

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். கவர் ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தால் என்ன செய்வார்கள்? உள்ளே இருக்கிற காகிதம் கெடாமல், கெடாமல் என்ன, முன்னைவிட நன்றாகவே இருந்தால்? அவர்களும் மனிதர்கள்தானே, எடுத்துச் சொன்னால் கேட்க மாட்டார்களா? கோபப்படாதே, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். இரண்டு உறைகளும் மார்ச் 5 அன்றே நம் வீட்டில் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்கிறதாம். தமிழில் முழுப் பெயரும் எழுதிய கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி அதிகம் என்று குமாஸ்தா சிரித்தார். அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.


மார்ச் 15

நாத்தனாரே,

குற்றவாளி ஆஜர்.

கவர் வந்தது நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். உன் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. திறக்கக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக நான் யோக்கியம் என்று சொல்லவில்லை. அடுத்தவருக்கு வந்த கடிதத்தைத் திறந்தது தப்புதான். கல்லூரி முத்திரையைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

திறந்தது பாதித் தப்பு. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிதான் சான்றிதழ் சரிபார்க்கிற இடம் என்பது உனக்குத் தெரியும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். மேலே போகும்போது காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போவார்கள். இறங்கும்போது அதே காகிதத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வருவார்கள். மடிப்பில் கிழிந்திருக்கிறது, மை கலைந்திருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். போன மழையில் ஒரு பெண் நனைந்த சான்றிதழோடு என் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவளை வைத்துக்கொண்டு மூன்று தடவை மேலும் கீழும் போனேன். இறங்க மாட்டேன் என்றாள்.

உன் காகிதத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தேன். எதிர்க்கடையில் கொடுத்து, இரண்டையும் லேமினேஷன் போட்டுவிட்டேன்.

கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. இனிமேல் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கல்லூரி முத்திரை மேடாக இருந்ததே, அது சூட்டில் அமுங்கித் தட்டையாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு ஓரத்தைப் பிளேடால் பிரித்துப் பார்த்தேன். காகிதமும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டேன்.

வரவில்லை என்று பொய் எழுதினேன். உனக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அண்ணன்கூடக் கவனித்துவிட்டு, "என்ன?" என்று ஒரு முழு வார்த்தை பேசினார். அவ்வளவு மோசம்.

கல்லூரிக்கு நானே போய்ப் பேராசிரியர் காலில் விழுந்தாவது வேறு வாங்கி வருகிறேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே.

அண்ணி


மார்ச் 18

அண்ணிக்கு,

இரண்டு வருடமாக இதற்காக உழைக்கிறேன். கேட்டது ஒரே ஒரு விஷயம். உறையைத் திறக்காதீர்கள் என்று. என் கடிதம் வரும்வரை ஒரு நாள் பொறுக்கவில்லை. படிக்கத் தெரியாத இங்கிலீஷ் காகிதத்தில் கை வைக்க எப்படித் துணிச்சல் வந்தது? லிஃப்டில் போகிற வருகிறவர்களிடம் காட்டுவதற்காகத்தானே?

மதிப்பெண் பட்டியலுக்கு மறுபடி கட்டணம் கட்டி, அலுவலகத்தில் கெஞ்சி, இந்த ஒரு முறை மட்டும் நேராக இங்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். அது வந்துவிடும். பேராசிரியருக்கு நான் எழுதிக்கொள்கிறேன். அவர் போன் எடுப்பதில்லை. இருந்தாலும் நீங்கள் போக வேண்டாம். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவரைப் பார்க்கப் போகாதீர்கள். நீங்கள் போனால் இருப்பதும் கெட்டுவிடும்.


மார்ச் 22

நாத்தனாரே,

போகாதே என்று நீ எழுதியது கிடைத்தது. நேற்று போய்விட்டு வந்துவிட்டேன்.

பல்லைக் கடிக்காதே, முழுதாகப் படி. காரியம் முடிந்துவிட்டது. இதோடு இருக்கிற ஒட்டிய கவர்தான் பேராசிரியர் புதிதாகக் கொடுத்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் மேலேயே இருக்கிறது. கையில் வாங்கியதிலிருந்து இதில் போடும்வரை ஒரு துணிப்பைக்குள் வைத்து, பையின் வாயை ஊசிநூல் கொண்டு தைத்துவிட்டேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சீருடையை மாற்றிக்கொண்டுதான் போனேன். பேராசிரியர் அறையில் புத்தகத்தைத் தவிர உட்கார இடமில்லை. ஒரு நாற்காலியில் இருந்ததை அவரே எடுத்துக் கீழே வைத்து, உட்காரச் சொன்னார். தங்கமான மனிதர்.

"நீங்க யாரும்மா?" என்றார்.

"பக்கத்து வீடுங்க. அவளுக்கு வர்ற தபால் எங்க விலாசத்துக்குத்தான் வரும். தெரியாத்தனமா நான் பிரிச்சுட்டேங்க. தப்பு என்னுது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க இவ்வளவு செய்யறீங்களே! சொந்தம்னு ஒருத்தர்கூட இல்லாத பொண்ணு. நானே பல தடவ நெனச்சிருக்கேன், லீவுல எங்க போவா, யார் சோறு போடுவான்னு."

"நாங்கதாங்க அப்பப்போ கூப்பிட்டுப் போடுவோம்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பழையதைவிட நன்றாகவே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

விடுதியில் உன்னைச் சேர்க்க வந்த அன்று நீ என்ன முறை சொன்னாயோ, அதையேதான் நானும் சொன்னேன். ஆளுக்கொன்று சொன்னால் குழம்பிவிடும் இல்லையா? வக்கீலுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சாட்சிகள் மாற்றிப் பேசக் கூடாது.

லேமினேஷன் போட்ட இரண்டையும் கூடவே வைத்திருக்கிறேன். உன் சாமான், உன்னிடம்தான் இருக்க வேண்டும். 28-க்கு இன்னும் நாள் இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கோர்ட்டில் நீதிபதி முன்னால் வாய் தடையில்லாமல் பேசுகிறவள் நான்.

லேமினேஷன் போட்ட கடிதத்தைப் படித்தேன். என்னைப் பற்றி எழுதியதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெற்றோர் இல்லை, உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, தானே தன்னை வளர்த்துக்கொண்ட பெண் என்று எழுதியிருக்கிறார். அவராக எழுதவில்லை. முதல் வருடத்தில் நான் சொன்னதை அப்படியே நம்பி எழுதியிருக்கிறார்.

விடுதி வாசலில் நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லை என்றுதான் பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அரை நாள் விடுப்பில் சீருடையோடு வந்திருந்தீர்கள். குனிந்து என் மெத்தையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். அறைத்தோழியின் அம்மா, "கூட வந்திருக்கறது யாரு?" என்று கேட்டார். அவருடைய கணவர் நீதிபதி. நான் "பக்கத்து வீட்டம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் நிமிர்ந்து, "பாப்பா, பக்கெட்டப் பத்திரமா வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஏழு வயதிலிருந்து என்னை "அடியே" என்றும் "கழுத" என்றும் தவிர வேறு எப்படியும் நீங்கள் கூப்பிட்டதில்லை. அன்று மட்டும் பாப்பா. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். இது எனக்குப் போன வாரம்தான் உறைத்தது. என்ன வக்கீல் நான்!

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை மாற்ற முடியவில்லை. ஒரு பொய்க்கு ஒன்பது பொய். இரண்டு வருடமாக வீட்டுக்கு வராததற்குக் காரணம் வழக்கு இல்லை. வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்று எழுதியதும் காகிதம் கெட்டுவிடும் என்ற பயத்தால் இல்லை. என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம்தான். அந்தப் பயத்தில் உங்களைப் படிக்காதவர் என்று எழுதினேன்.

புதிய உறையை நான் அனுப்பவில்லை. பேராசிரியர் அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடாமல் போன் செய்து, அவரைப் பிடித்து, உண்மையைச் சொன்னேன். "அப்ப அன்னிக்கு வந்தவங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணி சார். அவங்கதான் என்னை வளர்த்தாங்க" என்றேன். "நான் எழுதினது வேற ஒரு பொண்ணப் பத்தி. அந்தக் கடிதத்த அனுப்பாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

28 தாண்டிவிட்டது. ஒரு பரிந்துரை குறைவதால் விண்ணப்பம் முழுமையாக இல்லை, பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. இந்த வருடம் இல்லை. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது அண்ணி. பதினோரு வருடம் கழித்து இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

என்னை மன்னிப்பீர்களா?


ஏப்ரல் 7

நாத்தனாருக்கு,

மனசு லேசாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சுமையை இறக்கிவைத்தால் லேசாகத்தான் இருக்கும். யார் தலையில் இறக்கினாய் என்று பார்த்தாயா?

அந்தப் பெரிய மனிதர் முன்னால் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, பொய் சொன்னவள் நான். நாற்காலியிலிருந்த புத்தகத்தை அவர் கையால் எடுத்து எனக்கு இடம் கொடுத்தார். இப்போது அவருக்கு நான் யார்? பொய்க்காரி. போன் செய்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? விடுதி வாசலிலும் என்னைக் கேட்காமல்தான் சொன்னாய். இப்போதும் என்னைக் கேட்காமல்தான் சொல்லியிருக்கிறாய். பக்கத்து வீட்டம்மா என்பதும் நீ முடிவு செய்தது. அண்ணி என்பதும் நீ முடிவு செய்தது. நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேன்.

உனக்கு வெட்கம் முடிந்தது. எனக்கு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். லிஃப்டில் காட்டத்தானே என்று குத்தினாயே, ஆமாம், காட்டினேன். கடையிலிருந்து சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து காட்டினேன். லிஃப்டு நிறைய எட்டுப் பேர். "என் நாத்தனாருக்குப் பெரிய காலேஜு குடுத்த காகிதம், படிச்சுச் சொல்லுங்க" என்று மூன்றாம் மாடித் தட்டச்சு அம்மாவிடம் நீட்டினேன். அந்த அம்மா சத்தமாகப் படித்து, வரிக்கு வரி அர்த்தமும் சொன்னார். நல்ல புத்திசாலி என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடும் உழைப்பாளி என்றார். நான், "வீட்ல ஒரு டம்ளரக் கழுவ மாட்டா" என்றேன். இன்னும் சிரிப்பு. அப்புறம், உறவு என்று யாரும் இல்லை என்ற வரி வந்தது.

மூன்றாம் மாடியும் வந்தது. கதவைத் திறந்தேன். ஒருவரும் இறங்கவில்லை.

அந்த அம்மா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க நாத்தனார்னு சொன்னீங்களே?" என்று மெதுவாகக் கேட்டார். "அய்யோ, காகிதம் மாறிப்போச்சுங்க. இது பக்கத்து வீட்டுப் பொண்ணோடது" என்றேன். தலையாட்டினார்கள். நம்பவில்லை. பதினோரு வருடமாக அவர்களிடம் உன் பேச்சுத்தான். உனக்குக் காய்ச்சல் வந்தது முதல் நீ முதல் வழக்கு ஜெயித்தது வரை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஏறுகிறார்கள், மாடி நம்பர் சொல்கிறார்கள், சுவரைப் பார்க்கிறார்கள். அந்த இரக்கம் இருக்கிறதே, அதற்குப் பதில் அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

உன் வீட்டார் நாங்கள் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தது. பதினெட்டு வயசு, போகட்டும். அதை நான் அன்றே விட்டுவிட்டேன். மன்னிப்பைக் கேட்காதே, அது பழைய சரக்கு. ஆனால் நான் சொன்ன பொய்யை உனக்குச் சீர் மாதிரி கொடுத்தேன். நீ அதை எடுத்து வாசலில் வீசிவிட்டு, மனசு லேசாக இருக்கிறது என்கிறாய்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

நீங்கள் திட்டினால் எப்போதும் நடுவில் ஒரு கேலி இருக்கும். இந்தக் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

நீங்கள் சொன்னது சரி. என் வெட்கத்தை உங்களுக்குக் கைமாற்றிவிட்டு, அதற்கு உண்மை என்று பெயர் வைத்தேன்.

பேராசிரியருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். பரிந்துரை கேட்கவில்லை. பக்கத்து வீடு என்ற பொய்யை என் அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தது நான், அவராகச் சொன்னது அல்ல என்று எழுதினேன். அது உண்மைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தேன். இதையும் உங்களைக் கேட்காமல்தான் எழுதிவிட்டேன் என்பது தபாலில் போட்ட பிறகு உறைத்தது. பழக்கம் சட்டென்று போகவில்லை.

அதனால் இனி கேட்கிறேன். சனிக்கிழமை வரட்டுமா? நாம் இரண்டு பேரும் கல்லூரிக்குப் போய் அவரைப் பார்க்கலாமா? நீங்கள் வாயே திறக்க வேண்டாம். நான் சொல்கிறேன். அடுத்த வருடம் விண்ணப்பத்துக்கு அவர் எழுதிக் கொடுக்கிறாரோ இல்லையோ, அவர் மறுபடியும் உங்களுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் போக வேண்டாம்.

வரட்டுமா?


ஏப்ரல் 15

நாத்தனாரே,

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்டு எழுதிய முதல் ஆள் நீதான். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "வரச் சொல்லு" என்றார். இரண்டு வார்த்தை. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

கல்லூரிக்கு இப்போது வேண்டாம். பேராசிரியர் படித்தவர், கடிதம் எழுதினால் புரிந்துகொள்வார், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கெஞ்சிக்கொள்ளலாம். அவரைச் சமாளிக்க உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாதே, நேராகக் கட்டடத்துக்கு வா. பத்து மணிக்கு வந்தால் லிஃப்டு நிறைய ஆள் இருக்கும். தட்டச்சு அம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் ஏறுவார். நான் சீருடையில்தான் இருப்பேன். முழங்கையில் ஒரு ஒட்டு போட்டிருக்கிறது, அதற்காக மாற்றிக்கொள்ள மாட்டேன்.

யாரும் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் வழக்கம்போல, "எந்த மாடிங்க?" என்று உன்னைக் கேட்பேன். நீ மாடி நம்பர் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு தடவை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி. பஸ்ஸிலேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வா கழுதை. வெளியிடத்தில் உனக்குப் பழக்கமில்லாத வார்த்தை, நாக்கு குழறும்.

அண்ணி